பழைய ஹவுஸ் ரெக்கார்டுகளைத் தேடிப் பிடிப்பது எப்படி? சிகாகோவில் ஆரம்பிக்கும் முழு வழிகாட்டி

சிகாகோ கிளப்களில் பிறந்த நடன இசையான ஹவுஸுக்குள் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஏதாவது ஒரு 'சிறந்த 100' பட்டியலில்தான் போய் நிற்பார்கள். நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் பத்துப் பட்டியல் பார்த்தால் பத்திலும் அதே முப்பது நாற்பது பாட்டுதான் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். 1984-லிருந்து 1992 வரை சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று மூன்று ஊர்களிலும் சின்னச் சின்ன லேபிள்கள் (ரெக்கார்டு வெளியிடும் கம்பெனிகள்) போட்டுத் தள்ளிய 12 அங்குலத் தட்டுகள் எக்கச்சக்கம். அவற்றில் பல இன்னும் ஸ்ட்ரீமிங் பக்கமே வரவில்லை, வந்ததிலும் சில வேறு மிக்ஸ், வேறு நீளம். ஆப் தரும் சிபாரிசை நம்பினால் அங்கே போய்ச் சேர முடியாது. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிறதே வட்டமாக ஒரு லேபிள், அதைப் படிக்கத் தெரிந்தால் போதும், அடுத்த பத்துத் தட்டுக்கு வழி அதிலேயே இருக்கிறது. டர்ன்டேபிள் இல்லாதவர்களும் கீழே இருக்கும் பாதிக்கு மேல் அப்படியே செய்யலாம், ஒரு போனும் நல்ல ஹெட்போனும் இருந்தால் சரி.

முதலில் கொஞ்சம் கதை

கதை எதற்கு என்று தாண்டிப் போகாதீர்கள். எந்தத் தட்டு ஏன் அரிது, ஏன் இரைகிறது, ஏன் ஒரே ஆளுக்கு ஆறு பெயர் என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைகழுவ ஆரம்பித்த நேரம் அது. ஆனால் அதே ஊரில் 1977-லிருந்து வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே விடிய விடிய ஆட வைத்துக்கொண்டிருந்தார். கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அதிலும் தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் அதிகமாக வந்த இடம். புதிய டிஸ்கோ தட்டுகளின் வரத்து குறையக் குறைய, இருக்கிற தட்டுகளையே வெட்டி ஒட்டி நீட்டினார், பிறகு அடியில் டிரம் மெஷினையும் சேர்த்தார். 1982-ல் அவர் அங்கிருந்து விலகிப் போய் பவர் பிளான்ட் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார். மியூசிக் பாக்ஸ் என்ற கிளப்பில் ரான் ஹார்டி டிஜேயாக வந்து சேர்ந்தார்.

1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் 'ஆன் அண்ட் ஆன்' வெளியிட்டார். பலரும் முதல் ஹவுஸ் ரெக்கார்டு என்று சொல்வது இதைத்தான். அவர் கிளப்பில் அடிக்கடி போட்டுக்கொண்டிருந்த ஒரு தட்டு திருடு போய்விட, அதன் சாயலில் மெஷின்களை வைத்துத் தானே ஒன்றைச் செய்துகொண்டார், அவ்வளவுதான். கூட வேலை செய்த வின்ஸ் லாரன்ஸ், அந்த காமிஸ்கி பார்க் கலவரத்தன்று அங்கே ரசிகர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்தவர்! டிஸ்கோவைக் கொளுத்தியதைக் கண்ணால் பார்த்த பையன், ஐந்து வருஷத்தில் அதன் வாரிசைத் தயாரிக்கிறான். இப்படி ஒரு தற்செயலைக் கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து மெஷின்கள். ரோலண்ட் கம்பெனியின் டிரம் மெஷின் டிஆர்-808 1980-ல் வந்தது, டிஆர்-909 1983-ல். டிபி-303 என்ற சின்னப் பெட்டி கிட்டார்காரர்களுக்குத் துணையாக பேஸ் (கீழ்ஸ்தாயி) வாசிக்கவென்று செய்யப்பட்டது. நிஜ பேஸ் மாதிரி ஒலிக்கவே இல்லை, விற்கவும் இல்லை, 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். விளைவு, அடிமாட்டு விலைக்கு செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. காசில்லாத பையன்கள் வாங்கினார்கள். இசை பிறந்தது.

ஒரு தட்டை எடுங்கள், நூல் பிடித்துப் போங்கள்

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு பழைய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தோதான உதாரணம் 1987-ல் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ஃபியூச்சரின் 'ஆசிட் டிராக்ஸ்', தட்டு எண் டிஎக்ஸ் 142. டிபி-303-ன் குமிழ்களை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே போவதுதான் மொத்தப் பாட்டும், பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடும். ரான் ஹார்டி இதை முதன்முதலாகப் போட்டபோது ஆடுகளம் காலியாகிவிட்டதாம், மனிதர் விடாமல் ஒரே இரவில் நான்கு முறை போட்டு, நான்காவது முறை கூட்டத்தைப் பைத்தியம் பிடிக்க வைத்தார் என்பது சம்பந்தப்பட்டவர்களே திரும்பத் திரும்பச் சொல்லும் கதை.

சரி, இந்தத் தட்டைப் பற்றி என்னென்ன தகவல் இருக்கிறது? கலைஞர் பெயர், லேபிள், தட்டு எண், வருஷம், தயாரிப்பாளர். தயாரிப்பாளர் மார்ஷல் ஜெஃபர்சன். இங்கே நூலைப் பிடியுங்கள். இவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே இசை செய்தவர். 1986-ல் 'மூவ் யுவர் பாடி' இவருடையது, ஹவுஸ் இசையில் பியானோவை நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்த பாட்டு. பட்டியல்கள் இதோடு நின்றுவிடும். ஆனால் அதே வருஷம் ஹெர்குலிஸ் என்ற பெயரில் வந்த '7 வேஸ்' தட்டும் இவர் வேலைதான், ஸ்லீஸி டி பெயரில் வந்த 'ஐவ் லாஸ்ட் கன்ட்ரோல்' பின்னணியிலும் இவர்தான், ஹாரி டென்னிஸோடு சேர்ந்து ஜங்கிள் வோன்ஸ் என்ற பெயரில் செய்ததும் உண்டு. ஒரு ஆளைப் பிடித்தால் நான்கு பெயர்.

இப்போது '7 வேஸ்' தட்டின் லேபிளைப் பாருங்கள், டான்ஸ் மேனியா என்று இருக்கும். புது நூல்! ஜெஸ்ஸி சாண்டர்ஸ் தொடங்கி, பிறகு ரே பார்னி என்ற ரெக்கார்டு கடைக்காரர் கைக்கு வந்த லேபிள் அது. தொண்ணூறுகளில் கெட்டோ ஹவுஸ் என்ற வேகமான, கரடுமுரடான, வாய்க்கு வந்ததைப் பேசும் வகையின் தாய்வீடே அதுதான். 2001-ல் மூடி, 2013-ல் மறுபடி திறந்தார்கள். ஆக ஒரு தட்டில் ஆரம்பித்து மூன்றாவது தாவலில் வேறொரு பத்தாண்டுக்கு வந்துவிட்டோம்.

லாரி ஹெர்டை வைத்தும் இதையே செய்து பாருங்கள். மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் அவர் செய்த 'கேன் யூ ஃபீல் இட்' எல்லோருக்கும் தெரியும். ஃபிங்கர்ஸ் இன்க் என்ற குழு, கெர்கின் ஜெர்க்ஸ், லூஸ்ஃபிங்கர்ஸ் என்ற பெயர்கள், அலிவியேட்டட் என்ற சொந்த லேபிள் இவையெல்லாம் அதற்கு அடுத்த வாசல்கள். கெர்கின் ஜெர்க்ஸைக் கேட்டால் அதே மனிதரா இது என்று சந்தேகம் வரும், அவ்வளவு கிறுக்குத்தனம், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே பெயரில் இரண்டு கூட்டம் இருக்கும். ஆரம்ப நாட்களில் மார்ஷல் ஜெஃபர்சன் விர்கோ என்ற பெயரில் தட்டு போட்டார். 1989-ல் இங்கிலாந்தின் ராடிகல் லேபிளில் 'விர்கோ' என்று ஒரு ஆல்பம் வந்தது, அது மெர்வின் சாண்டர்ஸ், எரிக் லூயிஸ் என்ற வேறு இரண்டு பேருடையது. அவர்களை விர்கோ ஃபோர் என்பார்கள். அந்த ஆல்பம் ரொம்ப நாள் விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் தேடித் திரிந்த சமாச்சாரமாக இருந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரஷ் ஹவர் லேபிள் 2010-ல் மறுபடி அச்சிட்டது. அதோடு விடாமல் வீட்டில் கிடந்த பழைய டேப்புகளிலிருந்து வெளிவராத பாட்டுகளை எடுத்து 2011-ல் 'ரெசரெக்‌ஷன்' என்று தனித் தொகுப்பே போட்டார்கள். எண்பதுகளில் செய்து எண்பதுகளில் யாரும் கேட்காத பாட்டுகள். இதைத் தவறவிடாதீர்கள்.

ஏ பக்கத்தோடு நிறுத்தாதீர்கள்

12 அங்குலத் தட்டு என்பதே டிஜேக்களுக்காக வந்த வடிவம். கடையில் விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குல சிங்கிள் 1976-ல் சால்சோல் லேபிள் போட்ட 'டென் பர்சென்ட்', வால்டர் கிப்பன்ஸ் மூன்று நிமிஷப் பாட்டை ஒன்பது நிமிஷத்துக்கு மேல் இழுத்திருப்பார். பெரிய தட்டில் கோடுகளுக்கு நடுவே இடம் தாராளம், அதனால் பேஸைப் பயமில்லாமல் சத்தமாக வெட்டலாம். இந்த இசை ஏன் போன் ஸ்பீக்கரில் செத்துக் கிடக்கிறது என்பதற்கும் காரணம் அதுதான், பாதிப் பாட்டு அடியில் இருக்கிறது.

ஒரு பாட்டுக்கு நான்கைந்து மிக்ஸ் இருக்கும். கிளப் மிக்ஸில் முழுப் பாட்டு. டப் மிக்ஸில் பாடகர் குரலைத் துண்டு துண்டாக்கி எதிரொலியில் மிதக்க விட்டிருப்பார்கள். குரலே இல்லாத இன்ஸ்ட்ருமென்டல், குரல் மட்டும் வரும் அகப்பெல்லா, வெறும் டிரம் மட்டும் ஓடும் போனஸ் பீட்ஸ். என் அனுபவத்தில் காலம் தாண்டி நிற்பது பெரும்பாலும் டப்தான். பாடல் வரிகள் காதல், ஆட்டம், காதல் என்று சலித்துப் போகலாம், டப்பில் அந்தத் தொந்தரவில்லை. அதனால் ஒரு தட்டு சுமார் என்று தோன்றினால் ஒதுக்குவதற்கு முன் மறுபக்கத்தின் கடைசி டிராக் வரை கேட்டுவிடுங்கள். முதல் ஒன்றரை நிமிஷம் டிரம் மட்டும் வருகிறதே என்று தள்ளிவிட்டுக் கேட்காதீர்கள், அது டிஜே அடுத்த தட்டோடு கோர்ப்பதற்காக விட்ட இடம், அது ஓடி முடிந்த பிறகு பேஸ் நுழையும்போது கிடைக்கிற உதையே வேறு.

ரேடியோ, கேசட் பதிவுகளில் தோண்டுவது

1981-லிருந்து சிகாகோவின் டபிள்யூபிஎம்எக்ஸ் வானொலியில் ஹாட் மிக்ஸ் 5 என்ற டிஜே குழு வாராவாரம் மிக்ஸ் போட்டது. ஃபார்லி, ரால்ஃபி ரோசாரியோ எல்லாம் அதில் இருந்தவர்கள். ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் கேசட்டில் பதிந்து வைத்தார்கள், அந்தக் கேசட்டுகள்தான் இன்று இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. மியூசிக் பாக்ஸில் ரான் ஹார்டி போட்டதும் அப்படியே சுற்றுகிறது. இரைச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிவில் ஒரு பாட்டு பிடித்துவிட்டது, பெயர் தெரியவில்லை. பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஜாம் ஆப் பல நேரம் கைவிரித்துவிடும். காரணம், டிஜே வேகத்தை மாற்றியிருப்பார். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம் குறைக்கலாம், ரான் ஹார்டி வேகமாக ஓட்டுவதில் பேர்போனவர், கேசட்டின் வேகமும் தன் பங்குக்குப் பிசகியிருக்கும். அந்தப் பகுதியை மட்டும் ஆடாசிட்டி என்ற ஆடியோ மென்பொருளில் வெட்டி எடுத்து, வேகத்தை 4 சதவீதம், 6 சதவீதம், 8 சதவீதம் என்று குறைத்து ஒவ்வொன்றையும் ஷஜாமிடம் கேட்க வையுங்கள், டெம்போவை மட்டும் குறைக்காமல் சுருதியும் சேர்ந்து இறங்குகிற மாதிரி. எத்தனையோ முறை எனக்கு வேலை செய்திருக்கிறது. அப்படியும் வரவில்லையென்றால் காதில் விழுகிற வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அதிலும் சிக்கவில்லையென்றால் அது டிஜே தானே டேப்பில் வெட்டி ஒட்டிச் செய்த எடிட்டாக இருக்கலாம், அந்த உருவத்தில் ரெக்கார்டே கிடையாது, மூலத்தைத்தான் தேட வேண்டும்.

இந்தப் பதிவுகள் உங்களைப் பின்னோக்கியும் இழுத்துப் போகும். ஹவுஸ் டிஜேக்கள் ஹவுஸ் மட்டும் போடவில்லை. க்ளைன் அண்ட் எம்பிஓ-வின் 'டர்ட்டி டாக்', 1982, இத்தாலியிலிருந்து வந்தது. ஃபர்ஸ்ட் சாய்ஸின் 'லெட் நோ மேன் புட் அசண்டர்' ஃபிலடெல்பியாப் பெண்கள் பாடியது. இவை இரண்டையும் கேட்டுவிட்டு 1986 சிகாகோ தட்டுகளைக் கேட்டால் பேஸ் லைனில் உறவுமுறை பளிச்சென்று தெரியும்.

வாங்கும் முன்

கேட்டாயிற்று, தட்டாகவே வேண்டும் என்ற நோய் வந்துவிட்டது என்றால் டிஸ்காக்ஸ். 2000-ல் எலக்ட்ரானிக் இசைக்காகவே தொடங்கிய தளம், அதனால் இந்த வகைக்குத் தகவல் மற்ற எதையும்விட நன்றாக இருக்கும். ஒரே தட்டின் ஒவ்வொரு அச்சுக்கும் தனிப் பக்கம் உண்டு. விலையைப் பார்க்கும்போது இன்று விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையை விட்டுவிடுங்கள், இதுவரை விற்ற நடுவாந்திர விலையைப் பாருங்கள். நான் அதற்கு மேல் போகவே மாட்டேன், காத்திருந்தால் வரும்.

தர நிர்ணயத்தில் விஜி (வெரி குட்) என்று போட்டிருந்தால் பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கீறல் சத்தம் கேட்கும் என்று அர்த்தம். விஜி பிளஸ்ஸுக்குக் கீழே இறங்க வேண்டாம். டிராக்ஸ் தட்டுகளுக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் முதலாளி லாரி ஷெர்மன் சொந்த அச்சுக்கூடத்தில் பழைய தட்டுகளை அரைத்து அதே பிளாஸ்டிக்கில் அச்சடித்தவர். புத்தம்புதிதாக உறையைப் பிரித்தாலே சில தட்டுகளில் எண்ணெய் காய்கிற சத்தம் வரும். அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துப் பிரயோஜனமில்லை.

அசலா போலியா என்பதை ரன்அவுட்டில் பாருங்கள். பாட்டு முடியும் கோட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் வழவழவென்று ஒரு வளையம் இருக்கும். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் அதில் கையால் கீறிய எழுத்துகள் தெரியும்: தட்டு எண், எந்தப் பக்கம், சில நேரம் மாஸ்டரிங் (அச்சுக்கான மூலத்தட்டை வெட்டுவது) செய்தவரின் கையொப்பம். நியூயார்க் தட்டுகளில் 'ஹெர்பி ஜூனியர்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் போட்டிருந்தால் அது ஹெர்ப் பவர்ஸ் வெட்டியது, சத்தம் நிச்சயம் கும்மென்று இருக்கும், பாட்டு தெரியாவிட்டாலும் வாங்கலாம். விற்பவரிடம் இந்த வளையத்தின் போட்டோ கேளுங்கள். டிஸ்காக்ஸ் பக்கத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். லேபிள் அச்சு மங்கலாக, போட்டோகாப்பி எடுத்த மாதிரி இருந்தால் அது திருட்டு அச்சு.

அசல்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். ரஷ் ஹவர், ரோட்டர்டாமின் க்ளோன் மாதிரியானவர்கள் கலைஞரிடம் உரிமை வாங்கி நல்ல பிளாஸ்டிக்கில் போடும் மறுபதிப்பு பல நேரம் அசலைவிடத் தெளிவாக ஒலிக்கும். காசும் உரியவருக்குப் போகும். சிகாகோவில் அந்தக் காலத்தில் பலருக்கு ராயல்டி என்று ஒன்றுமே வரவில்லை. லாரி ஹெர்டும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் 2020-ல் டிராக்ஸ் மீது வழக்குப் போட்டு, 2022-ல் சமரசத்தில்தான் தங்கள் பாட்டுகளின் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள்.

நம்ம பக்கம் கிடைக்குமா?

சென்னை மூர் மார்க்கெட்டில் சிகாகோ தட்டு தேடினால் ஏமாற்றம்தான், இந்தியாவுக்கு அவை கடையில் வரவே இல்லை. ஆனால் இந்தியாவிலேயே ஒரு தட்டு இருந்தது. பம்பாயில் சினிமா இசைக்கு வாசித்த சரண்ஜித் சிங் 1982-ல் எச்எம்விக்காக 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஒன்று செய்தார். டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்து பைரவி, லலித் என்று பத்து ராகம். சுத்தமாக விற்கவில்லை. எடோ போவ்மன் என்ற டச்சுக்காரர் 2002-ல் டெல்லிக் கடை ஒன்றில் கண்டெடுத்து 2010-ல் மறுபதிப்புப் போட்டதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 'ஆசிட் டிராக்ஸ்' மாதிரி டிபி-303 ஒலியில் ஓடும் ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்ததே இந்தியர்தான் என்று அன்றிலிருந்து ஒரு பெருமைப் பேச்சு ஓடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை, சிகாகோப் பையன்கள் இதைக் கேட்டிருக்க வழியே இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது டிபி-303 பெட்டிக்கே உள்ள குணம், கமகத்துக்குப் பழகிய காது அதை ஒரு விதமாகப் பிடித்துக்கொண்டது, ஆடுகளம் இன்னொரு விதமாக. அதுவே போதுமான அதிசயம்.

கைக்கு வந்த பிறகு

தட்டை ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். முடி மாதிரி மெல்லிய கோடுகள் பெரும்பாலும் சத்தம் போடாது. நகத்தால் மெதுவாகத் தடவும்போது தட்டுப்படும் கீறல்தான் 'டக் டக்' என்று சத்தம் போடும். துடைக்க டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு வாசனையில்லாத சோப்புத் திரவம், மென்மையான வெல்வெட் பிரஷ். கோடு போகிற வாக்கில் வட்டமாகத்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே கூடாது. லேபிளில் தண்ணீர் படாமல் பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முறை அலசிக் காற்றில் உலர விடுங்கள். தாத்தா காலத்து 78 ஆர்பிஎம் தட்டுகளுக்கு மட்டும் ஆல்கஹால் கலந்த எதையும் தொடவே கூடாது, கரைந்துவிடும்.

ஓட விடும்போது சுழலும் வேகம் 33-ஆ 45-ஆ என்று லேபிளைப் பாருங்கள். எழுதியிருக்காத தட்டுகளும் உண்டு, அப்போது டிரம்தான் சாட்சி. ஹவுஸ் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 118-லிருந்து 126 அடிக்குள் இருக்கும்.

கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமென்றால் டர்ன்டேபிள் ஒலியைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் வழியாக ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அங்கிருந்து ஆடாசிட்டி. 24 பிட்டில் பதியுங்கள், உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் ஃபில்டரைப் போட்டால் ஹைஹாட்டும் சேர்ந்து செத்துப் போகும், அதனால் பெரிய 'டக்' சத்தங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுங்கள். தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகச் சேமியுங்கள். கோப்பின் பெயரில் கலைஞர், பாட்டு, எந்த மிக்ஸ், லேபிள், தட்டு எண், வருஷம் ஆறும் இருக்கட்டும். ரன்அவுட் எழுத்துகளையும் ஒரு வரியில் குறித்து வைத்து, டிஸ்காக்ஸில் அந்த அச்சுக்கு அவை இல்லையென்றால் நீங்களே ஏற்றிவிடுங்கள், அடுத்து தேடி வருகிறவருக்கு அசலைப் பிரித்தறிய அதுதான் வேண்டும்.